தீவும் புறஞ்சேரியும்: இரட்டைக் காப்பியங்களில் உறைவிடத் தேர்வு

முன்னுரை

நகரின் ஆரவாரத்தில் உளம் சலித்த ஒருவர்முன் இருவகை இடங்கள் தோன்றுகின்றன. ஒன்று, நீர் சூழத் தனித்து நிற்கும் தீவகத்துச் சிற்றூர். மற்றொன்று, நகரை அடுத்திருந்தும் அதன் ஓசை எட்டாது அமைதியுற்றிருக்கும் புறநகர். இவ்விரண்டனுள் எதனை உறைவிடமாகக் கொள்வது என்பது இற்றைநாளில் எழுந்த வினாப்போலக் காணப்படினும், அதன் கூறுகள் நம் பழங்காப்பியங்களில் முன்னரே ஆராயப்பட்டிருக்கின்றன. சிலப்பதிகாரம் தன் தலைமக்களை ஓர் அமைதியான புறஞ்சேரியில் கொண்டுபோய் நிறுத்துகின்றது. மணிமேகலை தன் தலைமகளை ஆளரவமற்ற ஒரு தீவில் கொண்டுபோய் விடுகின்றது. இருவரும் அவ்விடங்களில் நிலைத்துத் தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

1892ஆம் ஆண்டிற் சிலப்பதிகாரத்தையும் 1898ஆம் ஆண்டில் மணிமேகலையையும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தளித்த பின்னர், இவ்விரு நூல்களின் சமயம், காலம், வரலாறு ஆகியன பற்றி ஆய்வுகள் பல எழுந்தன. அவற்றினூடே ஒரு கருத்தும் வேரூன்றியது. இவை சமணமும் பௌத்தமும் தழுவிய காப்பியங்களாதலின், உலகியலினின்று ஒதுங்கித் தனித்திருத்தலையே உயர்ந்த வாழ்வாகக் கருதுகின்றன என்பது அக்கருத்து. துறவைப் போற்றும் நூல்கள் தனிமையையும் போற்றும் என்று கொள்வது எளிது. ஆயினும், காப்பியப் புலவர் தம் மாந்தரை எவ்விடத்தில் தங்கவைக்கின்றனர், எவ்விடத்தினின்று எழுப்பி அனுப்புகின்றனர் என்பதனைக் காதைதோறும் நோக்குவார்க்கு இக்கருத்து பொருந்தாமை புலனாகும்.

சொற்பொருள்

முதற்கண் இருசொற்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். தீவு என்பது வடசொல்லின் வழியாக வந்தது. தீவம், தீவகம் என்பனவும் அதன் வடிவங்களே. ஆற்றின் நடுவே அமைந்த நிலத்தைத் துருத்தி என்றும் அரங்கம் என்றும் ஆற்றிடைக்குறை என்றும் தமிழர் வழங்கினர். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரை நோக்கிச் செல்லும் வழியில் காவிரியின் நடுவண் அமைந்த அத்தகைய அரங்கம் ஒன்றனை நாடுகாண் காதை காட்டுகின்றது. ஆங்குச் சாரணர் தோன்றி அறம் உரைக்கின்றனர். அறங்கேட்டபின் மூவரும் ஓடமேறித் தென்கரை சேர்கின்றனர். தீவகம் அறங்கேட்கும் இடமாக அமைகின்றதேயன்றி இல்லறத்தார் தங்கும் இடமாக அமையவில்லை. இச்சிறு நிகழ்ச்சியைப் பின்னர் வரும் மணிபல்லவத்தோடு ஒப்பிட்டு நோக்கல் வேண்டும்.

சேரி என்பது சேர் என்னும் வினையடியாகப் பிறந்தது. பலர் சேர்ந்துறையும் இடம் என்னும் பொருட்டு. பிற்காலத்தார் இச்சொல்லுக்கு ஏற்றிய இழிபொருள் பண்டு இல்லை. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அந்தணர் வாழ்ந்த அவ்வூரின் பகுதிகளையே சேரி என்னும் பெயரால் குறித்தல் இதற்குச் சான்றாகும். எனவே, புறஞ்சேரி என்பது மதிலின் புறத்தே பலர் சேர்ந்துறையும் பகுதி எனவே பொருள்படும். யார் சேர்ந்துறைகின்றனர் என்பதே அச்சேரியின் இயல்பை வகுக்கும்.

மதுரைப் புறஞ்சேரி

சிலப்பதிகாரத்தின் பதின்மூன்றாம் காதை புறஞ்சேரி இறுத்த காதை என்னும் பெயருடையது. இறுத்தல் என்பது தங்குதல். ஒரு நகர்ப்புறத்தில் தங்குதலையே தலைப்பாகக் கொண்டு இளங்கோவடிகள் ஒரு காதை யாத்தமை எண்ணத்தக்கது. வழிநடை இடர்களெல்லாம் கடந்து, வையையை மரப்புணையால் நீந்தித் தென்கரை அடைந்த மூவரும் மதிலின் புறத்தே அமைந்த அவ்விடத்தை எய்துகின்றனர். அறம்புரியும் துறவோர் அன்றிப் பிறர் சேராத இடம் அது என்று அடிகள் அதன் இயல்பை ஒரு தொடரால் வரையறுத்து விடுகின்றார். அங்காடி ஓசை இல்லை. பரத்தையர் வீதி இல்லை. கள்வர் அச்சமும் இல்லை. பொழிலும் நீரும் நோன்புடையாரும் உள்ள இடம். இற்றைநாளில் அமைதியான புறநகரை நாடுவார் விரும்பும் இயல்புகள் அனைத்தும் ஆங்கு உள்ளன.

மறுநாள் கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விடுத்து நகரினுட் செல்கின்றான். ஊர்காண் காதை முழுதும் அவன் கண்ட வீதிகளின் விரிவே. மணிக்கடை, பொற்கடை, அறுவைக்கடை, கூலக்கடை என வணிகன் ஒருவனின் கண்கொண்டு நகரைக் காட்டுகின்றார் புலவர். கண்டு மீண்ட கோவலன் மதுரையின் சிறப்பையும் பாண்டியன் செங்கோலையும் கவுந்தியடிகளிடம் வியந்து கூறுகின்றான். பின்னர் நிகழப்போவதை அறிந்த கற்பார்க்கு அவ்வியப்பு நெஞ்சைப் பிளப்பதாகும்.

இந்நிலையில் மாடலன் வருகின்றான். கோவலன் புகாரில் செய்த அறங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றான். மதவேழத்தின் கைப்பட்ட முதிய அந்தணனை மீட்டமையும், கீரியைக் கொன்ற பார்ப்பனியின் குடும்பத்தைப் பொருளளித்து ஒன்றுசேர்த்தமையும், பொய்க்கரி கூறிப் பூதத்தின் கையில் இறந்தவனின் சுற்றத்தைப் பல்லாண்டு புரந்தமையும் ஈண்டே நமக்குத் தெரியவருகின்றன. மாதவி மனையில் பொருளிழந்தவன் என்று மட்டும் இதுகாறும் நாம் அறிந்த கோவலன், பிறர் துயர் களைந்த கோவலனாக ஈண்டுக் காட்சியளிக்கின்றான். இவ்வறங்கள் யாவும் மக்கள் நெருங்கி வாழும் நகரில் நிகழ்ந்தவை என்பதும், இவை நினைவுகூரப்படும் இடம் அறத்தைப் பிறர்க்குச் செய்தற்கு வாய்ப்பில்லாத புறஞ்சேரி என்பதும் ஒருங்கு நோக்கத்தக்கன.

மாடலன் உரை முடிந்தவுடன் அவனும் கவுந்தியும் கோவலனுக்குக் கூறும் அறிவுரையே நம் ஆய்வின் மையமாகும். இப்புறஞ்சேரி துறவோர்க்கன்றிப் பிறர்க்கு உரிய இருக்கையன்று. கதிரவன் மறையுமுன் நகரினுட் சென்று சேர்க. நின் குலத்தை அறிந்த வணிகர் நின்னை ஏற்பர் என்பது அவ்வறிவுரையின் கருத்து. இதனைக் கூறுவோர் இல்லறத்தில் ஈடுபட்ட உலகியலார் அல்லர். ஒருவர் சமணத் துறவி. மற்றவர் தீர்த்தமாடித் திரியும் மறையோர். தனிமையின் பயனை நன்கறிந்த இவர்களே, இல்லறத்தாரை நோக்கி அமைதியான இடத்தை விட்டு நீங்குக என்கின்றனர். துறவோர் வாழும் அமைதி துறவோர்க்கே உரியது. அதனை இல்லறத்தார் கடன்வாங்கி வாழ்தல் ஒவ்வாது என்பதே இதன் உட்கிடையாகும்.

மாதரியின் மனை

அவ்வேளையில் ஆயர் முதுமகள் மாதரி, புறஞ்சேரியில் உள்ள இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீள்பவள், கவுந்தியடிகளைக் கண்டு வணங்குகின்றாள். ஆவினைக் காத்து அதன் பயனைப் பிறர்க்கு அளிக்கும் ஆயர் வாழ்க்கையில் குற்றமில்லை என்றும், மாதரி முதியவள், செவ்வியள், அளியள் என்றும் கவுந்தி எண்ணுகின்றார். கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகத் தருகின்றார். உறைவிடத் தேர்வில் கவுந்தி கைக்கொண்ட அளவுகோலை ஈண்டு நாம் கண்டுகொள்ளலாம். மனையின் அமைப்பு, அதன் அழகு, அதனைச் சூழ்ந்த அமைதி ஆகியவற்றுள் ஒன்றையும் அவர் எண்ணவில்லை. அம்மனைக்கு உரியவரின் தொழிலையும் இயல்பையுமே எண்ணினார்.

மாதரி காவற்காட்டையும் அகழியையும் மதிற்பொறிகளையும் கடந்து வாயில் வழியே கண்ணகியைத் தன் மனைக்கு அழைத்துச் செல்கின்றாள். கொலைக்களக் காதையின் தொடக்கத்தில், செம்மண் பூசிய, பந்தரும் காவலும் உடைய சிறுமனை ஒன்றில் அவ்விருவரையும் அமர்த்துகின்றாள். சாவக நோன்பு பூண்டவராதலின் பகலிலே உண்ணல் வேண்டும் என்பதறிந்து, பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி, பால் ஆகியன கொணர்ந்து தருகின்றனர் ஆய்ச்சியர். ஐயை துணைசெய்யக் கண்ணகி தன் கையால் அடுகின்றாள். பழகாத விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது, புகையால் கண் சிவக்கின்றது. கோவலனின் அடியைக் கழுவித் தடுக்கில் இருத்தி வாழைக் குருத்தில் உணவு படைக்கின்றாள்.

காப்பியத்தில் கண்ணகி தன் கணவனுக்குத் தானே சமைத்து உண்பிக்கும் காட்சியாக விரித்துரைக்கப்படுவது இஃது ஒன்றே. புகாரின் எழுநிலை மாடத்தில் நமக்குக் காட்டப்படாத இல்லறம் இடைச்சேரியின் சிறுமனையில் காட்டப்படுகின்றது. உணவுண்ட பின்னர்க் கோவலன் தன் பிழைகளை நினைந்து வருந்த, கண்ணகி கூறும் மறுமொழி நம் கருத்துக்கு உறுதி தருவது. அறவோர்க்குக் கொடுத்தல், அந்தணரைப் பேணல், துறவோரை எதிர்கொள்ளல், விருந்தோம்பல் ஆகிய கடமைகளைத் தான் இழந்து நின்றமையையே அவள் தன் துயரமாகக் கூறுகின்றாள். கணவனைப் பிரிந்த தனிமையையும் அவள் அக்கடமைகளின் இழப்பாகவே உணர்கின்றாள். புகாரில் அவள் வாழ்ந்த மனை செல்வமுடையதாயிருந்தும், இக்கடமைகள் நிகழாமையால் அவளுக்கு அது மனையாகத் தோன்றவில்லை. எனவே இல்லம் என்பது வருவார்க்குத் திறந்த வாயிலை உடையது என்னும் கொள்கை இளங்கோவடிகளுடையது எனக் கொள்ளல் தகும். புறஞ்சேரியில் அவ்வாயில் இல்லை. ஆங்குக் கண்ணகியே விருந்தாக இருக்க இயலும், விருந்தோம்ப இயலாது.

மணிபல்லவத்தின் தனிமை

இனி மணிமேகலையை நோக்குவாம். உவவனத்தில் இருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று புகாரின் தெற்கே 30 யோசனைத் தொலைவில் உள்ள மணிபல்லவத்தில் வைத்து நீங்குகின்றது. மணிபல்லவம் எது என்பது பற்றி அறிஞர் கருத்து வேறுபடுவர். செ. இராசநாயகம் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் யாழ்ப்பாண வரலாற்று நூலில் அதனை யாழ்ப்பாணக் குடாநாட்டோடு இயைத்துக் கூறினார். நயினாதீவே அஃது என்பாரும் பலர். நாக அரசர் இருவர் ஓர் இருக்கைக்காகப் பொருத செய்தி மணிமேகலையிலும் மகாவமிசத்திலும் ஒத்துக் காணப்படுதல் இவ்வாய்வுகளுக்கு அடிப்படை. ஆயினும், நிலநூல் வழி அஃது எத்தீவாயினும் ஆகுக. காப்பியத்தின்கண் அது மக்கள் குடியிருப்பில்லாத தீவு என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

எட்டாம் காதை மணிபல்லவத்துத் துயருற்ற காதை என்னும் பெயர்பெறும். அழகிய கடற்கரையும் மலர்ச்சோலையும் பொய்கையும் உள்ள இடத்தில் விழித்தெழுந்த மணிமேகலை முதலில் செய்வது துணை தேடுதல். சுதமதியை அழைக்கின்றாள், மறுமொழியில்லை. மணற்குன்றுகளிடையே நடந்து ஒருவரையும் காணாது, தன் தந்தையை நினைந்து அழுகின்றாள். மனைவியோடு வேற்றுநாடு சென்று ஆங்கு வாளால் வெட்டுண்டு மாய்ந்த கோவலன் அவள் நினைவுக்கு வருகின்றான். இவ்விடத்தில் இருகாப்பியங்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. தந்தை புறஞ்சேரியினின்று நகரினுட் சென்று மாய்ந்தான். மகள் நகரினின்று தீவுக்கு வந்து தனிமையில் வாடுகின்றாள். இருவரும் தம் ஊரினின்று பெயர்க்கப்பட்டவரே.

பின்னர்ப் புத்தபீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்கின்றாள். மூன்று மந்திரங்களைப் பெறுகின்றாள். இந்திரன் ஏவலால் பீடிகையைக் காத்துநிற்கும் தீவதிலகை கோமுகிப் பொய்கையைக் காட்ட, அமுதசுரபி அவள் கையில் வந்து சேர்கின்றது. பாத்திரம் பெற்றவுடன் அவள் உள்ளத்தில் எழுவது பசித்தாரின் நினைவு. பசியின் கொடுமையைத் தீவதிலகை அவளுக்கு விரித்துரைக்கின்றாள். உடனே மணிமேகலை வான்வழியே புகாருக்கு மீள்கின்றாள். ஏழாம் நாள் மீள்வாள் என்று தெய்வம் சுதமதிக்கு உரைத்தவாறே அது நிகழ்கின்றது. தீவு அவளுக்கு அறிவு தந்தது, கருவி தந்தது. அக்கருவியைப் பயன்கொள்ளும் இடத்தைத் தரவில்லை.

இதன் மறுபுறத்தை ஆபுத்திரன் வரலாறு காட்டும். மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் ஆபுத்திரன் பசித்தார்க்கெல்லாம் உணவளித்தான். இந்திரன் பாண்டிநாட்டில் மழையைப் பெருக்கவே பசித்தாரே இல்லாதொழிந்தனர். அம்பலத்திற்கு வருவார் இல்லை. சாவகநாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்பது கேட்டுக் கலமேறினான். காற்று மிகுந்தமையால் கலம் மணிபல்லவத்தில் தங்கியது. இறங்கிய ஆபுத்திரன் மீண்டும் ஏறிவிட்டான் என்றெண்ணி மாலுமிகள் இரவில் கலத்தைச் செலுத்திச் சென்றனர். மக்களற்ற தீவில் தனித்து விடப்பட்டான் ஆபுத்திரன்.

ஈண்டுச் சாத்தனார் வைக்கும் நிலைமையைக் கருதுக. ஆபுத்திரனுக்கு உணவுக்குக் குறைவில்லை. கையில் இருப்பது குறையாத பாத்திரம். நீர் உண்டு, நிழல் உண்டு, அமைதி உண்டு, அச்சமில்லை. ஆண்டாண்டுகள் அவன் ஆங்கு வாழ்ந்திருக்கலாம். ஆயினும், பலர்க்கு உதவ வேண்டிய பாத்திரத்தால் தான் ஒருவனே உண்டு வாழ்தலை அவன் பொறானாயினான். ஆண்டுக்கு ஒருமுறை தோன்றுக என்றும், அருளறம் பூண்டு உயிர் காப்பார் கையில் சேர்க என்றும் கூறிப் பாத்திரத்தைப் பொய்கையில் விடுத்தான், உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். தனித்தீவின் வாழ்வை இதனினும் கடுமையாக மறுத்துரைத்த இலக்கியம் காண்டல் அரிது. ஒருவன் எல்லா நலனும் பெற்றிருந்தும், கொள்வார் இல்லாமையால் அந்நலன் அவனுக்குச் சுமையாகின்றது.

மக்கள் உள்ள தீவு

மக்களற்ற தீவை மறுத்தல் எளிது. மக்கள் வாழும் தீவூரை என் சொல்வது என வினவலாம். அதற்கும் சாத்தனாரிடம் விடையுண்டு. ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவன், சூதாடிப் பொருளிழந்து வணிகரோடு கலமேறியவன். கலம் உடைய, மரத்துண்டு ஒன்றைப் பற்றி நாகர் வாழும் மலைப்பகுதியில் கரையேறினான். அப்பகுதியை நக்கவாரத் தீவுகளோடு இயைத்துக் கூறுவாரும் உளர். தீவென்று காப்பியம் வெளிப்படக் கூறாவிடினும், வேறொரு கலம் வந்தாலன்றி மீள இயலாத இடமாதலின், தீவின் இயல்பு அதற்கு உண்டு.

நாகர் அவனை உணவாகக் கருதி நெருங்க, அவன் அவர்தம் மொழியிற் பேசுகின்றான். அதனால் உயிர்பிழைத்து அவர்தம் தலைவன்முன் செல்கின்றான். தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் இளமகளும் அளிக்க முற்படுகின்றான். அவனளவில் அது விருந்தோம்பலே. சாதுவன் அவற்றை மறுத்து வினைப்பயனையும் மறுபிறப்பையும் விளக்குகின்றான். எமக்கு இயலும் அறம் யாது என்று தலைவன் வினவ, கலங்கவிழ்ந்து கரைசேர்வாரைக் கொல்லாது காத்தலையும், முதிர்ந்து மாயும் விலங்கன்றிப் பிறவற்றைக் கொல்லாமையையும் சாதுவன் கற்பிக்கின்றான்.

இவ்விடத்தில் இரண்டு செய்திகளை உணர்தல் வேண்டும். ஒன்று, அத்தீவகத்தாரைச் சாத்தனார் வெறுத்தொதுக்கவில்லை. அவர்க்கு இயலும் அறம் எது என்று எண்ணி அதனையே வகுக்கின்றார். அவ்வறம் கரையேறுவாரைக் காத்தல் என்பது கருதத்தக்கது. வருவார்க்கு வாயில் திறத்தலே அது. கவுந்தி மாதரியிடம் கண்ட பண்பும் கண்ணகி தான் இழந்ததாகக் கூறிய கடமையும் ஈண்டு நாகர்க்கு அறமாக வகுக்கப்படுகின்றன. மற்றொன்று, சாதுவன் ஆங்குத் தங்கவில்லை. நாகர் அளித்த அகிலும் சந்தனமும் துகிலும் பெற்றுச் சந்திரதத்தன் கலமேறிப் புகார் மீண்டான். ஆங்கு ஆதிரை அவன் இறந்தான் என்ற பொய்ம்மொழி கேட்டுத் தீப்புக்கும் வேகாது நின்றவள். இருவரும் கூடிப் பலர்க்கும் கொடுத்து வாழ்ந்தனர். அமுதசுரபியில் முதற்பிச்சை இடும் தகுதி அவ்வாதிரைக்கே வாய்க்கின்றது. தீவினின்று மீண்டவனுடைய மனையே பசிதீர்க்கும் பாத்திரத்தை முதன்முதல் நிரப்புகின்றது.

நகரின் விளிம்பு

மணிமேகலை புகாரில் எவ்விடத்தைத் தன் அறத்திற்குத் தேர்ந்தாள் என்பதும் நோக்கத்தக்கது. உலகவறவி என்னும் அம்பலத்தையே அவள் தேர்ந்தாள். அது சுடுகாட்டைச் சார்ந்த சக்கரவாளக் கோட்டத்தை அடுத்தது. நகரின் விளிம்பில் அமைந்தது. மதுரைப் புறஞ்சேரி போன்று அதுவும் நகர்ப்புறமே. ஆயினும், நோயாளரும் பசித்தோரும் புகலற்றோரும் ஆங்கு வந்து கூடினர். எனவே, நகர்ப்புறம் என்னும் காரணத்தால் ஓரிடத்தை இக்காப்பியங்கள் தள்ளவுமில்லை, கொள்ளவுமில்லை. மதுரையின் புறத்தே துறவோர் அமைதி. புகாரின் புறத்தே துயருற்றோர் கூட்டம். இல்லறத்தார் முன்னதனின்று வெளியேற்றப்படுகின்றனர்; துறவியோ பின்னதனுட் புகுகின்றாள். தனிமைக்கு உரியவள் எனக் கருதப்படும் துறவி கூட்டத்தை நாடிச் செல்லுதலே மணிமேகலைக் காப்பியத்தின் புதுமை.

தடையும் விடையும்

இக்கருத்துக்கு ஒரு தடை எழலாம். கோவலன் புறஞ்சேரியிலேயே தங்கியிருந்தால் கொலையுண்டிரான் அன்றோ? நகரினுட் செல்க என்ற அறிவுரையே அவன் சாவுக்கு வழியாயிற்று. மதிற்கொடிகள் வாராதே என்று கைகாட்டுவன போல அசைந்தன என்றும், அகழியின் மலர்கள் கண்ணீர் நிறைந்து நடுங்கின என்றும் இளங்கோவடிகளே கூறியிருத்தலின், புறஞ்சேரியே பாதுகாப்பானது என்பது அவர் கருத்தாகாதோ எனின், கூறுதும்.

கொடியும் மலரும் வருவதை அறிவிக்கின்றன, செய்யத்தக்கதை அறிவிக்கவில்லை. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பது இக்காப்பியத்தின் அடிப்படைகளுள் ஒன்றாதலின், இடமாற்றத்தால் அதனைத் தவிர்க்கலாம் என்று அடிகள் கூறார். மேலும், சிலம்பு விற்று வணிகம் தொடங்கலே கோவலன் மதுரை வந்த நோக்கம். அந்நோக்கம் புறஞ்சேரியில் நிறைவேறாது. உயிர்க்கு ஊறில்லாமை ஒன்றையே உறைவிடத்தின் அளவுகோலாகக் கொண்டால், ஆபுத்திரனுக்கு மணிபல்லவத்தினும் சிறந்த இடம் இல்லை என்று கூற வேண்டிவரும். இருகாப்பியங்களும் அவ்வளவுகோலை ஏற்கவில்லை.

இத்தடை முற்றும் வலியற்றது என்று கூறுவதும் முறையன்று. வாயில் திறந்து ஏற்றவர்க்கு அதன் விலை பெரிதாயிற்று என்பதனைப் புலவர் இருவரும் மறைக்கவில்லை. நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறும் செய்தியால், அடைக்கலம் காவாமை பொறாத மாதரி தீப்பாய்ந்ததும், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததும் அறிகின்றோம். மணிமேகலையின் இருபத்தைந்தாம் காதையில், ஆபுத்திரனைத் தீவில் விட்டகன்ற வணிகர் ஒன்பதின்மர் அவனைத் தேடி மீண்டு, அவன் இறந்தமை அறிந்து ஆங்கே உயிர்நீத்தமையைத் தீவதிலகை கூறக் கேட்கின்றோம். புகல்கொடுத்தவரும் தவறி விட்டுச்சென்றவரும் ஒருங்கே தம்முயிரைக் கொடுக்கின்றனர். இவ்வொற்றுமை தற்செயலாக அமைந்தது எனத் தோன்றவில்லை. ஒருவரோடு ஓரிடத்தில் உறைதல் என்பது அவர்க்குப் பொறுப்பேற்றல் என்னும் கருத்தை இரு புலவரும் இறப்பின் வாயிலாகவே நிறுவுகின்றனர். அமைதியை நாடி ஒதுங்குவார் துறப்பது இப்பொறுப்பையே என்பது அவர்தம் கருத்துப் போலும்.

கச்சியில் ஒரு மணிபல்லவம்

மணிமேகலை மீண்டும் ஒருமுறை மணிபல்லவம் செல்கின்றாள். ஆபுத்திரன் சாவகநாட்டில் புண்ணியராசனாகப் பிறந்து அரசாள்கின்றான். அவன் தீவுக்கு வந்து தன் பழைய உடலின் என்புகளை மணலிற் கண்டு மயங்குகின்றான். அவனுக்கு மணிமேகலை உரைக்கும் அறவுரையில், அறமாவது எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் இருப்பிடமும் அளித்தலே என்று அறத்தின் இலக்கணம் வகுக்கப்படுகின்றது. உணவும் உடையும் அறமாதல் பலரும் கூறுவது. அவற்றோடு உறையுளையும் சேர்த்து எண்ணியமை சாத்தனாரின் சிறப்பு. வாழ்வாரில்லாத தீவின்கண், இறந்தவனின் என்புகளருகே நின்று, உறையுள் அறம் என்று கூறுதல் ஆழ்ந்த பொருளுடையது. அதனைக் கேட்ட அரசன் தன் நாட்டிற்கு மீள்கின்றான்.

இதன் நிறைவைக் கச்சிமாநகர் புக்க காதையில் காண்கின்றோம். வஞ்சியில் இருந்த மாசாத்துவான், காஞ்சி மழையின்றி வாடுகின்றது, ஆங்குச் செல்க என்று மணிமேகலைக்கு உரைக்கின்றான். காஞ்சியில் இளங்கிள்ளி, தெய்வம் ஒன்றன் சொற்படி மணிபல்லவத்துள்ளன போன்ற பொய்கையும் பொழிலும் அமைத்து வைத்திருக்கின்றான். ஆங்கே பீடிகை அமைப்பித்து அமுதசுரபியை அதன்மேல் வைத்து, குருடரும் செவிடரும் முடவரும் நோயுற்றோரும் பசியால் நலிந்தோரும் ஆகிய பல்மொழி மக்கட்கும் மணிமேகலை உணவளிக்கின்றாள்.

காப்பிய அமைப்பில் இந்நிகழ்ச்சி உரிய மதிப்பைப் பெறவில்லை என்பது எம் கருத்து. சமய வாதங்களுக்கும் அளவை இலக்கணத்திற்கும் முன்னுரையாக மட்டும் இக்காதையைக் கருதுவார் பலர். உறைவிடத் தேர்வு என்னும் நோக்கில் காணின், இதுவே காப்பியத்தின் முடிநிலை. தீவின் பொய்கையும் பொழிலும் பீடிகையும் நகரினுள் கொண்டுவந்து நிறுவப்படுகின்றன. தீவின் அமைதி வேண்டும், நகரின் மக்களும் வேண்டும் என்னும் இருதலை வேட்கைக்குச் சாத்தனார் கண்ட வழி இது. அறம் உணர்வதற்குத் தனியிடம் தேவை என்பதனை அவர் மறுக்கவில்லை. மணிபல்லவம் இன்றேல் மணிமேகலைக்குப் பழம்பிறப்புணர்ச்சியும் இல்லை, பாத்திரமும் இல்லை. உணர்ந்தபின் ஆங்கே தங்குதலையே அவர் மறுக்கின்றார்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகள் இவை. இரட்டைக் காப்பியங்கள் தனிமையைப் போற்றுகின்றன என்னும் பொதுக்கருத்து திருத்தம் பெறல் வேண்டும். அவை தனிமையைப் பயிற்சிக்குரிய இடமாக ஏற்று, வாழ்விடமாக ஏலாது விடுகின்றன. புறஞ்சேரியினின்று கோவலனும் கண்ணகியும் வெளியேற்றப்படுதலும், மணிபல்லவத்தினின்று மணிமேகலை இருமுறை நீங்குதலும், ஆபுத்திரன் ஆங்கு வாழ மறுத்து இறத்தலும், சாதுவன் நாகர்நாட்டினின்று மீளுதலும் ஒரே கொள்கையின் வெவ்வேறு வடிவங்களே. ஓரிடம் உறைதற்குரியது ஆவது ஆங்கு ஒருவரை ஏற்கவும் ஒருவர்க்கு அளிக்கவும் இயலும்போது என்பதே அக்கொள்கை.

இற்றைநாளில் தீவகச் சிற்றூரையோ அமைதியான புறநகரையோ நாடுவார்க்கு இக்காப்பியங்கள் இரண்டில் ஒன்றனைச் சுட்டிக்காட்டி விடைதரவில்லை. அமைதி எங்கு மிகுதி, ஓசை எங்குக் குறைவு என்னும் வினாக்களோடு, யார் வருவர், யாரை ஏற்பேன், யார் பொருட்டுப் பொறுப்பேற்பேன் என்னும் வினாக்களையும் எழுப்புமாறு அவை பணிக்கின்றன. மாதரியின் சிறுமனை இவ்வினாக்களுக்கு விடைகூறியது. ஒருநாளேனும் கண்ணகி அதனுள் இல்லறம் நடத்தினாள். அவ்வொருநாளைக் காட்டுதற்கே புறஞ்சேரி வரை கொணர்ந்த தலைமக்களை அடிகள் நகரினுட் புகுவித்தார் என்று கூறினும் மிகையாகாது.